மூன்று எண்ணிய பிறகு

...ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும், அதுவரை எதிர்முனையில் இருப்பவர் அழட்டும், கத்தட்டும், என்னை என் பரம்பரையோடு சேர்த்துத் திட்டட்டும், நான் எண்ணுவேன், பன்னிரண்டு வருடமாக இந்த லிஃப்ட் கம்பெனியின் உதவி எண்ணில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போதும் ஹெட்செட்டில் ஒரு பெண்ணுக்கு மூச்சு இரைக்கிறது, ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே தனியாக இருக்கிறாளாம், "கதவு தொறக்கவே மாட்டேங்குது மேடம், காத்து வருமா? மூச்சு முட்டிடாதே?"... மூன்று. "காத்து நல்லா வரும். மெக்கானிக் கிளம்பிட்டார். நான் உங்ககூடவே இருக்கேன்." என் குரல் எனக்கே கேட்கிறது, இஸ்திரி போட்டு மடித்து வைத்த குரல். பக்கத்து நாற்காலியில் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணக்கு வாத்தியார் அதையும் நோட்டில் எழுதுகிறார். இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர், மேனேஜர் அவரை என்னிடம் தள்ளிவிட்டுப் போகும்போது, "கத்துக்கணும்னா இவங்ககிட்டதான் கத்துக்கணும் சார், இடியே விழுந்தாலும் அசைய மாட்டாங்க" என்றார், பாராட்டுதான், நான் சிரித்தேன், சிரித்ததாகத்தான் ஞாபகம்.

என்னிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லாம் நாலு இடத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டது. மூன்று எண்ணுவது ஐஸ்கட்டியுடையது. ஐஸ்கட்டி என்னைவிட நாலு வயது சின்னவள், அவளைப் பதற வைக்க யாராலும் முடியாது என்பதால் அந்தப் பெயர், இப்போது தலைமை அலுவலகத்தில் தனி அறையில் இருக்கிறாள். சேர்ந்த புதிதில் நான் லிஃப்ட்டுக்குள் அழுகிறவர்களோடு சேர்ந்து அழுதுவிடுவேன், ஒரு தடவை உள்ளே இருந்தவரே என்னைச் சமாதானப்படுத்தினார், அதற்கப்புறம்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன், உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது, அதுவும் அவளுடைய விதி. வருடத்துக்கு ஒரு தடவை சாதித்தவர்கள் என்று யாரையாவது ஆபீஸுக்குப் பேசக் கூட்டி வருவார்கள், கடலை நீந்திக் கடந்த ஒருத்தி விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னாள், குளிக்கிறேன், கத்தியை எடுக்கிற நிமிடம் ஆளை மறந்துவிட வேண்டும் என்றார் ஒரு டாக்டர், மறந்துவிடுகிறேன்... இதையெல்லாம் எழுதி எழுதி வீட்டில் ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீ எந்தப் பக்கத்துல இருக்கே?" என்று கேட்டார், கேலிதான், நான் மூன்று எண்ணி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

"பையில என்னல்லாம் வச்சிருக்கீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க." கையில் வேலை கொடுத்தால் பயம் குறையும். தக்காளி, சோப்பு, ஒரு பல்பு, பல்பு உடையாமல் இருக்கிறதாம், அது ஒரு சந்தோஷம் அவளுக்கு. மேஜையில் என் போன் மல்லாந்து கிடக்கிறது, அண்ணன் அனுப்பியது அப்படியே நிற்கிறது, 'அஞ்சு மணிக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்துடுவேன். வந்தா வா.' மூன்று வாரத்தில் அவன் என்னிடம் பேசிய மொத்தமே இவ்வளவுதான். மணி நாலு இருபது. அம்மா வாடகைக்கு இருந்த வீடு, ஐந்து மணிக்கு மேல் அது வேறு யாருடைய வீடோ. நான் போகாவிட்டால் அண்ணனும் அதோடு சரி, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் கூப்பிட்டபோதும் இதே நாற்காலிதான். "அம்மா போயிட்டாங்க" என்றான். ஒன்று, இரண்டு, மூன்று. "உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு புரியுது. நான் உங்ககூடவே இருக்கேன்." பிறந்ததிலிருந்து வாடா போடா என்று பேசிய அண்ணனிடம்! "எனக்கா கஷ்டம்? அவங்க உனக்கு யாருடி?" என்றான், வைத்துவிட்டான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தேன், இருக்கிறேன், எல்லாரும் அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், நாற்காலி எடுத்துப் போட்டேன், எவ்வளவு தைரியசாலி என்றார்கள்...

"அக்கா, இருக்கீங்களா?" மேடமாக இருந்தவள் எப்போது அக்காவானேன்? "இருக்கேம்மா." "உங்களுக்கு அம்மா இருக்காங்களா?" ஒன்று. ஏன் கேட்கிறாள்? இரண்டு. பயத்தில் கேட்கிறாள், பயத்தில் எல்லாரும் ஏதாவது கேட்பார்கள். மூன்று. இல்லை என்று சொல்லக் கூடாது. "இருக்காங்க." "எங்கம்மாகிட்ட காலையில வள்ளுனு விழுந்துட்டேன் அக்கா, வெளிய வந்ததும் மொதல்ல அவங்களைத்தான் கூப்பிடப் போறேன், நீங்களும் கூப்பிட்டுப் பேசுங்க." "சரி, பேசறேன்." வாத்தியாரின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குள் அந்தப் பக்கம் இரும்பு இழுபடும் ஓசை, மெக்கானிக்கின் குரல், மெதுவா, காலைத் தூக்கி வைங்க, அவ்வளவுதான்... அவள் நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டாள், வெளியே வந்தவர்கள் யாரும் சொல்வதில்லை, அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

வாத்தியார் நோட்டை என் பக்கம் திருப்பினார், பரீட்சைத் தாள் திருத்திய கை, எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. நாலாவது வரி, 'அம்மா இருக்காங்களா என்று கேட்டால் இருக்காங்க என்று சொல்ல வேண்டும்.' "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, அம்மா இருக்காங்கன்னு சொன்னது நெசமா, இல்ல இதுவும் ஒரு முறையா? எப்படி எழுதிக்கணும்னு தெரியல, அதான்." ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் வரவில்லை. நாலு. ஐந்து. பன்னிரண்டு வருடத்தில் மூன்றைத் தாண்டியதே இல்லை, தாண்டினால் என்ன இருக்கும் என்று ஐஸ்கட்டி சொல்லித்தரவில்லை, ஏழு நோட்டிலும் இல்லை. வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார், மல்லாந்து கிடந்த போனைப் பார்த்தார், பேனாவை மூடினார், அந்த வரியை அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை, உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். எங்கே போகச் சொல்கிறார்? நான் எங்கேயாவது போக வேண்டும் என்று சொன்னேனா?

வராந்தாவில் சுவர் ஓரமாக நின்றேன், மணி நாலு முப்பத்தைந்து, டாக்ஸி பிடித்தால் இருபது நிமிடம். எனக்குப் பயமாக இருந்தது, அது பயம்தான் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அண்ணனைக் கூப்பிட்டேன், மூன்றாவது மணியில் எடுத்தான். "அண்ணா" என்றேன், சொன்ன பிறகுதான் எண்ணவில்லை என்பது தெரிந்தது. அவன் பக்கம் காலி வீட்டின் எதிரொலி, ஏதோ ஒரு பெட்டி நகர்ந்தது, நின்றது. "வர்றியா?" என்றான். குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது, வா என்று சொல்வதற்குப் பதிலாகத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. வரேன், மூன்றே எழுத்து, வாய் திறந்துதான் இருக்கிறது... உள்ளே என்னைக் கேட்காமலே அது ஆரம்பித்துவிட்டது, ஒன்று.