எந்தப் பெட்டிக்குள்

...இல்லை, மிக்ஸிப் பெட்டியாகத்தான் இருக்கவேண்டும், ரைஸ் குக்கர்ப் பெட்டி என்றால் தூக்கும்போதே கிலுங்கியிருக்குமே, கிலுங்கியதா, கிலுங்கவில்லையா, அதைக்கூடக் கவனிக்காத அளவுக்கு அப்படி என்ன அவசரம்... சுதர்சினி மிக்ஸிப் பெட்டியைக் கவிழ்த்தாள், வெள்ளை ரெஜிபோம் நுரைத் துண்டுகள் விழுந்தன, வாரண்டி அட்டை விழுந்தது, மூடியில்லாத ஜார் ஒன்று விழுந்து உருண்டது, தாலிக்கொடி விழவில்லை. அடுத்தது அயன்பெட்டியின் பெட்டி, அதற்குள் வெறும் வயர். அடுத்தது கால் மசாஜ் செய்யும் மெஷின், பிரிக்கவே இல்லை, ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருக்கிறது, அதற்குள் எப்படித் தாலிக்கொடி போகும், ஆனாலும் பிரித்தாள், பிரிக்காமல் விட்டால் அதற்குள்தான் இருக்கும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்குமே. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் கஜேந்திரனின் தங்கை மகளுக்குக் கலியாணம், மண்டபத்துக்குள் கால் வைத்ததும் சனம் முகத்தையா பார்க்கும், கழுத்தைத்தானே பார்க்கும், முருகா, இந்த நூல் போன்ற சங்கிலியோடு போய் நின்றால் மச்சாள் என்ன கேட்பாள், கேட்கக்கூட மாட்டாள், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அது போகட்டும், மச்சாளை விடு, அவரிடம் என்ன சொல்வது?

கள்ளன் அலுமாரியைத்தான் முதலில் உடைப்பான் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே ஏறிய பாடம், நகை இருக்கவேண்டிய இடத்தில் நகை இருக்கக்கூடாது, மாவுப் பேணிக்குள் இருக்கலாம், பழைய சாமான் பெட்டிக்குள் இருக்கலாம். கொளுக்கியைத் திருத்தச் செட்டியார் தெரு நகைக்கடைக்குக் கொண்டுபோகவென்று வங்கி லொக்கரிலிருந்து எடுத்தது, திருத்தி வந்த நாளிலிருந்து மூன்று தரம் இடம் மாற்றிவிட்டாள், ஒவ்வொரு தரமும் மறந்துபோகாமல் இருக்க ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தாள், கெட்டிக்காரிதான், கெட்டிக்காரியின் கெட்டித்தனத்தைப் பார்... ஃபோன் நிறைந்துவிட்டது, இனிப் படம் எடுக்க இடமில்லை என்றது. அந்த யூடியூப் பெண், பல்லெல்லாம் வெள்ளையாகச் சிரிப்பாளே, அவள் சொன்னாள், தேவையில்லாத படங்களை அழியுங்கள், அழித்தவை போய்ச் சேரும் கூடையையும் வெறுமையாக்குங்கள், மனம் எவ்வளவு இலேசாகிறது பாருங்கள் என்று. பெட்டிப் படங்களெல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, எதற்கு இத்தனை பெட்டிப் படம் என்று சிரித்துக்கொண்டே அழித்தாள், அடுத்த வீடியோவில் அதே பெண், ஒரு வருடமாய்த் தொடாத சாமான் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்றாள், உடனே இன்று காலை ரைஸ் குக்கர்ப் பெட்டியையும் ஃபேன் பெட்டியையும் போத்தல் பேப்பர் எடுக்க வரும் இராமரிடம் தன் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். களவுபோயிருந்தால்கூடக் கள்ளனைத் திட்டலாம். இப்போது யாரைத் திட்டுவது?

அதுவும் இந்த வீட்டில் ஒரு பெட்டியாவது வெளியே போனதுண்டா, சாமான் செத்தாலும் பெட்டி சாகாது, வாரண்டிக்குக் கேட்பான், வீடு மாறினால் உதவும் என்று கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, சாமி அறைக்குள்ளும்கூட. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு எந்த மெஷின் தாக்குப்பிடிக்கும், வாங்கி மழை ஒன்று கழிவதற்குள் துரு. துருப்பிடித்தால் என்ன, இன்னொன்று வரும். சாமான் வாங்கும் அப்பில் கூடையில் போட்டுவிட்டு ஓரிரவு பொறுத்திருங்கள், காலையில் அது வேண்டாம் என்றே தோன்றும், இதுவும் அந்தப் பெண் சொன்னதுதான், சுதர்சினி பொறுத்துப் பார்த்தாள், காலையில் இன்னும் கூடுதலாக வேண்டும் என்றுதான் தோன்றியது. போன கிழமை கஜேந்திரன் செருப்பைக் கழற்ற இடமில்லாமல் நின்று, "இதென்ன வீடோ, ஸ்டோரோ?" என்றார், கோபமாய்க்கூட இல்லை, களைத்துப்போய்ச் சொன்னார், அதுதான் குத்தியது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லியிருக்கலாம், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்த மாதிரியாவது இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இன்று காலை இந்தத் துப்புரவு, அவர் பின்னேரம் வந்து, அட, இடம் விட்டிருக்கிறதே என்று சொல்லுவார் என்று...

மத்தியானம் கீழ்வீட்டு லுத்பியா அவளை வாசலில் கண்டு, "என்ன சுதா, மொகமெல்லாம் வெளுத்துப் போயி ஈக்கிது?" என்று கேட்டபோது அழுகை வந்துவிட்டது, பாதி சொல்லி, பாதி சொல்லாமல் நின்றாள். லுத்பியா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இராமர்ட நம்பர் ஏன்ட கிட்ட ஈக்கி, பொறுங்கொ" என்று உள்ளே போய் எடுத்துத் தந்தாள். இராமர் ஃபோனில் மூச்சிரைக்கப் பேசினார், "பெட்டிய நான் தொறக்கவே இல்லீங்கம்மா, அப்படியே கொட்டாஞ்சேன கடையில எறக்கிட்டேன், நீங்க பயப்படாதீங்க, நான் திரும்பிப் போயி பாத்துட்டு கோல் எடுக்குறேன்" என்றார். நல்ல மனிதர், ஆனால் கடைக்காரன் நல்ல மனிதனா, அட்டையை மடித்துக் கட்டிவிட்டு குக்கரை உடைத்துப் பார்த்திருந்தால்... யானை வாயில் போன கரும்பு. இல்லை, இருக்கும், இருக்கவேண்டும், பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய், அம்மாளாச்சிக்கு என் கையால் பொங்கல், இனி ஒரு சாமானும் வாங்கமாட்டேன், சத்தியமாய் வாங்கமாட்டேன், அந்த அப்பையே ஃபோனில் இருந்து அழித்துவிடுவேன், ஒரு தரம், ஒரே ஒரு தரம் திருப்பித் தந்துவிடு.

கீழே ரயில் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புதுக்கடையில் கோர்ட் கலைந்திருக்கும், கிளார்க் வேலை பார்க்கும் கஜேந்திரன் சட்டத்தரணியின் ஃபைல்களைக் கட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருப்பார். வந்தவுடன் சொல்லவேண்டுமா, தேத்தண்ணி கொடுத்துவிட்டா? இஞ்சாருங்கோ, ஒரு விஷயம்... என்று தொடங்கினால் அவர் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்துவாரா? நிமிர்த்தி, "எங்கையப்பா வைச்சனீர்?" என்று கேட்பார், அது தெரிந்திருந்தால் இந்தப் பாடே இல்லையே. வாடகை வீட்டில், வேலையில்லாத நாட்களிலெல்லாம் அடகுக் கடைக்குப் போகாமல் அவர் காப்பாற்றிய தாலிக்கொடி, வேறு எதை விற்றாலும் இதைத் தொடமாட்டேன் என்று நின்ற மனிதர், அதைக் குப்பையோடு கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது... மகன் சுமன் டொரொன்டோவிலிருந்து கோல் எடுத்தால் அவனிடமாவது சொல்லலாம், அவன் எடுத்தால் எல்லாம் சுகமோ என்பான், ஓம் என்பாள், சரி அம்மா வைக்கிறன் என்பான், இதற்கு நடுவில் தாலிக்கொடியை எங்கே செருகுவது? பிரித்த பெட்டிகளுக்கு நடுவில், நிலத்தில், ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அடி, ஃபோனே, அடி, ஒரு தரம் அடித்துவிடேன்.

அடித்தது. யார் நம்பர் என்று பார்க்கவில்லை, காதில் வைத்துவிட்டாள். "மிஸ், பார்சல் எகக் தியெனவா, பஹலட்ட என்ன புளுவன்த?" கீழே வரட்டாம், பார்சல் வந்திருக்கிறதாம், சிங்களத்தில், மரியாதையாக, மிஸ் சுதர்சினிதானே என்று பெயரையும் கேட்டு உறுதிப்படுத்தினான், என்ன பார்சல், ஓ, மடக்கி வைக்கும் பெட்டிகள், சாமான் அடுக்க, அந்தப் பெண் வீடியோவில் காட்டியவை, நீல நிறம் கேட்டிருந்தாள், நீலம்தான் அனுப்பினார்களோ... காதுக்குள் டிக் டிக் என்றது. ஃபோனை விலக்கிப் பார்த்தாள். இன்னொரு கோல் வந்துகொண்டிருந்தது, திரையில் 'இராமர் போத்தல்' என்று அவளே பதிந்த பெயர், இதை வெட்டிவிட்டு அதை எடுக்கவேண்டும், ஒரு விரல் அசைத்தால் போதும், "எனவா, எனவா, பொட்டக் இன்ன" என்று பார்சல்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் வாய், இதோ வருகிறேன், போய்விடாதே, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கவேண்டும், லிஃப்ட் வேலை செய்யவில்லை, கொஞ்சம் நில்லு... இராமரின் கோல் அடித்து ஓய்ந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு கதவுவரை வந்தவள் சாமி அறைக் கண்ணாடியில் தன்னைக் கண்டாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எப்போதிருந்து சிரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை, பெயரைச் சொல்லிக் கேட்டானே, அப்போதிருந்தா, அந்த நேரம் முழுக்கத் தாலிக்கொடி எங்கே போயிருந்தது? ஃபோன் மறுபடி அடித்தது, இராமர்தான். கீழே இருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. சுதர்சினி கதவின் கொண்டியில் கையை வைத்தபடி நின்றாள்.