மச்சுக் குளியலறை வழக்கு

நீதிக்கு முன்னால் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை என்பதை அருப்புக்கோட்டைக்கு நிலைநாட்டிக் காட்டியவர் சௌடப்பச் செட்டியார். நிலைநாட்டிய இடம், அவருடைய மெத்தை.

எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் ஒருநாள் காலை மெத்தை நனைந்திருப்பதைச் செட்டியார் கண்டார். நிமிர்ந்து பார்த்தார். மேலே மரப்பலகை மச்சு. மச்சில் தம்பி லிங்கத்தின் குடித்தனம். அதிலும் கட்டிலுக்கு நேர் மேலே, லிங்கம் புதிதாக மறைத்துக்கொண்ட குளியலறை. நெசவாளர் தெருவில் பந்தி வரிசைத் தகராறு முதல் பாகப்பிரிவினை வரை தீர்ப்புச் சொன்னவருக்கு இதற்கெல்லாம் சாட்சி வேண்டுமா?

"ஏலே லிங்கம்! நீ குளிச்ச தண்ணியில என்னையும் முழுக்காட்டுறியா?"

அந்த வீட்டில் பேச்சு கன்னடம். சண்டை மட்டும் தமிழ். தெருவுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

லிங்கம் பயந்த சுபாவம். "பலகை இடுக்குல எறங்கியிருக்கும்ணே. கல்லு பதிச்சிருவோம்" என்றான். சிமெண்டுப் பெர்மிட்டுக்காக ஒரு மாதம் ஆபீஸ் வாசலில் நின்றான். பிறகு கொத்தனார் காசிராஜன் வந்தார். அவருக்கு முன்பே செட்டியாரின் நாற்காலி மாடியேறிக் குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தது.

பலகை ஆடாமல் இருக்கக் காசிராஜன் நெடுக ஆணி அடித்தார். செட்டியார் ஆணிகளைச் சந்தேகப்பட்டார். தண்ணீர் இறங்காமல் இருக்கக் காசிராஜன் பலகைமேல் தார்ச் சீலை விரித்தார்.

"அதை எதுக்கு ஓரத்துல மடிக்கிறே?"

"செவத்து மேல கொஞ்சம் ஏத்தி விடணும் செட்டியாரே. இல்லேன்னா ஓரமா எறங்கிரும்."

"எறங்கட்டும்னு லிங்கம் சொன்னானா?"

கொத்தனார் சீலைமேல் கம்பி வலை அடித்து, கலவை பரப்பி, பூப்போட்ட தரைக்கல் பதிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் ஒரு கல்லைச் செட்டியார் கைத்தடியால் தட்டினார்.

"இதைப் பேத்தெடு. அடியில ஓட்டை வச்சிருக்கியான்னு பாக்கணும்."

"ஓட்டை வைக்கிறதுன்னா அதுக்குத் தனிக் கூலி, செட்டியாரே" என்றபடி காசிராஜன் கல்லைப் பெயர்த்துக் காட்டினார். ஓட்டை இல்லை. செட்டியாருக்குச் சந்தேகம் வலுத்தது. ஒளித்து வைக்கத் தெரிந்தவன் கண்ணில் படுகிற இடத்திலா வைப்பான்?

தரை காய்ந்து, லிங்கம் வீட்டார் குளிக்கத் தொடங்கினார்கள். சில நாளிலேயே மெத்தை மறுபடியும் நனைந்தது.

லிங்கத்தின் மனைவி சௌடேஸ்வரி மாடிப்படியில் நின்று, யாரையும் பார்க்காமல் காற்றோடு பேசினாள்: "தரையெல்லாம் காஞ்சு கெடக்கு. மெத்தையைத் தேடி மட்டும் எப்படித்தான் வழி கண்டுபிடிச்சு வருதோ அந்தத் தண்ணி!"

"கட்டிலை நகத்திப் போட்டாத்தான் என்னண்ணே?" என்றார் தெருப் பெரியவர் சீனிச்சாமி.

"நீதி நகராது" என்றார் செட்டியார்.

அவர் வகுத்த சோதனை நெசவாளருக்கே உரியது. குளியலறையில் தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்து, தரையில் சிவப்புச் சாயம் கரைத்த தண்ணீரை நிறுத்த வேண்டும். கதவைப் பூட்டிச் சாவியைச் சீனிச்சாமி வைத்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பார்க்க வேண்டும். மெத்தை சிவந்திருந்தால் லிங்கம் ஆடிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"செவக்கலேன்னா?" என்று சீனிச்சாமி கேட்டார்.

"செவக்கும்."

தெருவே குடத்தோடு குழாயடியில் காவல் கிடந்த நாளில், இரண்டு குடம் நல்ல தண்ணீர் நீதிக்குச் செலவானது.

 கீழே கூடத்தில்தான் லிங்கத்தின் தறி. வீடு போனால் தறியும் போகும். தறியோடு குடிவர எந்த வீட்டுக்காரன் சம்மதிப்பான்? அண்ணியிடம் போய் நின்றான். "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அண்ணி ராமலட்சுமி சொல்லிப் பார்த்தாள். "இது வேண்டாங்க. மெத்தையை நான் தெனமும் வெயில்ல போட்டு எடுத்துக்கிறேன். ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?"

"தெரியணும்டி! ஊருக்குத்தான் தெரியணும்."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"தம்பி பொண்டாட்டி உன்னையும் வளைச்சுப் போட்டுட்டாளா?"

அன்றிலிருந்து மனைவியும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தாள். சோதனை இரவிலும் அவள் அதே மெத்தையை விரித்தாள்; செட்டியார் அதிலேயே படுத்தார்.

விடிந்தது. செட்டியார் சலவை வேட்டியும் விபூதியுமாக அறை வாசலில் நின்று பெரியவர்களை வரவேற்றார். வாசலில் பாதித் தெரு. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பலகைகள் காய்ந்து கிடந்தன. சீனிச்சாமி சாவியோடு மேலே போனார். லிங்கம் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது.

"அண்ணே! ஊத்துன தண்ணி ஊத்துனபடியே நிக்குது!"

"கண்ணுக்குத் தெரியாமச் சொட்டியிருக்கும். மெத்தை சொல்லும்" என்றார் செட்டியார். "எங்கடீ மெத்தை?"

ராமலட்சுமி அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றிருந்தாள். "வேண்டாங்க."

"பாத்தீகளா! தடயத்தை மறைக்கப் பாக்குறா. விரிடி!"

அவள் கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். மாடிப்படியில் நின்ற லிங்கத்தையும் பார்த்தாள். பிறகு மெத்தையைக் கட்டில்மேல் விரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கீழே இறங்கி வந்த சீனிச்சாமி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மெத்தை நனைந்திருந்தது. சாயம் இல்லை.