அவள் குடித்துக் காட்டிய தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. "அவகூடப் பேச்சு வெச்சுக்காதீங்க," என்றார் மேல்மாடிக்காரர். யாரென்று கேட்காமலே தலையாட்டினேன். அந்த வெட்கத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். (அழகியா என்று யோசித்தேன். தேவையில்லை.) அவள் குடியிருக்கும் கட்டடத்தின் தொட்டியில் யாரோ மருந்து கலக்கிறார்கள், எல்லோரையும் மந்தமாக்கி வீடுகளைப் பிடுங்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு. அவள் தொட்டித் தண்ணீரைச் சோதித்தாள். ஒன்றுமில்லை. முடிவை மாடிப்படியில் ஒட்டினாள்.

"இல்லவே இல்லன்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றா?" என்றார் சங்கச் செயலாளர்.

"கலக்கறவளுக்குத் தெரியாதா!" என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். அதுவரை சிரிப்புதான்.

3

குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைக் குடித்துக் காட்டினாள்.

"விஷமுறிவு மருந்து போட்டுட்டு வந்திருப்பா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் பயப்படவில்லை. அவள் பயப்பட—

(முதல் வரைவில், கூட்டத்துக்கு முன் அவள் தலைவலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று இப்போது உங்களுக்கும் தோன்றுகிறது, இல்லையா?)

4

மறுநாள் அவள் கணவர் கேன் தண்ணீர் வாங்கி வந்தார். அவருக்கும் நாலு வயது மகளுக்கும் மட்டும்.

"நீங்களுமா?"

"நான் நம்பலடி. பாப்பாவுக்கு எதுக்கு ரிஸ்க்? கொஞ்ச நாள் அவ எங்கம்மாகிட்ட இருக்கட்டும்."

பாப்பாவின் துணிகள் ஏற்கெனவே பையில் இருந்தன. அவள் பையைப் பிடுங்கும்போது கதவு தட்டப்பட்டது. செயலாளர், பின்னால் ஐந்தாறு பேர்.

5

கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் வேறொரு பரிசோதனைக் கூடமும் தண்ணீர் சுத்தம் என்கிறது. அவர்களையும் விலைக்கு வாங்கிவிட்டாளாம். இரண்டாவதில் வீட்டைக் காலி செய்கிறாள். குட்டு உடைந்ததும் ஓடுகிறாளாம்.

மூன்றாவதில் அவள் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆமா. நான்தான் கலந்தேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. முதல் தடவையாக அவளை நம்பினார்கள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உக்காரும்மா," என்றார் செயலாளர், கனிவாக. "கூட யாரு இருந்தாங்கன்னு மட்டும் சொல்லிடு. பாப்பா எங்கயும் போகாது. என்ன தம்பி?"

கணவர் தலையசைத்தார். பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அடுத்த வரியில் ஒரு பெயர் வர வேண்டும். என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காதவர் யாராவது இருப்பாரே.