நல்ல கொப்பி

தொலைக்காட்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பப் போனவர்களைக் கோபிகா தடுத்தாள்.

"அது அப்பிடியே நிக்கட்டும். வயரைக் கழட்ட வேண்டாம்."

"செத்தவீட்டில ரீவி முழிச்சுக்கொண்டு நிக்கிறதோ?" என்றாள் சரோஜினிதேவி மாமி. அப்பாவின் தங்கை.

"நிப்பாட்டித்தானே கிடக்கு, மாமி."

ஹோலின் நடுவில் ஆழ்வாப்பிள்ளை கிடந்தார். புது வேட்டி, மூக்கில் பஞ்சு. தலைமாட்டில் குத்துவிளக்கு. கால்மாட்டில் தொலைக்காட்சி. அதன் கீழே தம்பி நிலக்ஷன் கனடாவிலிருந்து அனுப்பிய பிளேயர். அதோடு வந்த படத்தின் இறுவட்டு அதற்குள் இருந்தது. ஒருவரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

வந்த அன்றே போடுவோம் என்று கோபிகா கேட்டாள். அப்பா விடவில்லை.

"பத்தி வரட்டும். அவன் இல்லாமல் ஒருத்தரும் பாக்கக் கூடாது."

அப்பாவின் கூட்டாளி பத்திநாதர் தன் மகளைப் பார்க்க அனலைதீவுக்குப் போயிருந்தார். காற்று எழும்பிப் படகு ஓடவில்லை. நேற்று விடியப்புறம் அப்பாவின் மூச்சு நின்றது. இன்று காலை படகு ஓடியது.

இளமையில் அப்பா தெற்கே காலி நகரத்தில் தன் மாமனின் கடையில் நின்றவர். வெள்ளைக்காரர் ஒரு கொள்ளைப் படம் எடுக்க அங்கே வந்தார்கள். நகையைத் திருடியவன் பொலிசுக்குத் தப்பி அந்தக் கடைக்குள் நுழைவான். வெங்காயம் வாங்குவதுபோல் நிற்பான். நிறுத்துக் கொடுப்பவர் அப்பா. அப்படித்தான் அவர் சொன்னார்.

பிறகு நாரந்தனைக்கு வந்து சொந்தக் கடை போட்டார். எங்கிருந்தோ அந்தப் படத்தின் வீடியோ கசெற் ஒன்று ஊருக்கு வந்தது. கொப்பிக்குக் கொப்பி எடுத்து மங்கிப்போன பிரதி. கடல் பச்சை, கார் பச்சை, திருடனும் பச்சை. கடைக் காட்சியில் தராசுக்குப் பின்னால் வெளிறிய ஏதோ ஒன்று அசைந்தது.

"அது நீயில்லை, ஆழ்வார். வெங்காயச் சாக்கு," என்றார் பத்திநாதர்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கடைக்குச் சாக்குக் கடை என்றே பெயர் விழுந்தது. அப்பா கோபப்படவில்லை.

"நல்ல கொப்பி ஒண்டு வரட்டும். அண்டைக்கு உன்ர வாயைப் பொத்துறன்."

கடைசியாக ஆஸ்பத்திரியில், இரத்த அழுத்தம் பார்த்த டொக்டரிடமும் படத்தில் நடித்ததைச் சொன்னார். டொக்டர் சிரித்துவிட்டு நேர்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வை கோபிகாவுக்கு மறக்கவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவரை எடுக்குமுன் அது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியவேண்டும். அவ்வளவுதான்.

பத்திநாதர் வந்தார். சாறத்தின் கரை கடல் தண்ணீரில் நனைந்திருந்தது. கால்மாட்டில் நின்றார். அழவில்லை.

"காத்து விடேல்லை, ஆழ்வார்."

கோபிகா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருங்கோ, மாமா. படம் போடப்போறன்."

"இப்பவோ, பிள்ளை?"

"குருக்கள் வந்தால் கிரியை தொடங்கிவிடும். பிறகு எடுத்துப்போடுவினம். பிறகு ஆருக்குப் போடுறது?"

"உனக்கென்ன விசரோ?" மாமி எழும்பினாள். "பிரேதத்தைக் கிடத்திப்போட்டுப் படம் பாக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். மீனலோசனி கணவரின் தலைமாட்டில் இருந்தாள்.

"போடு," என்றாள். "அந்தாளும் இஞ்சதானே கிடக்குது."

வெளிநாட்டுக்கு நேரலை எடுத்துக்கொண்டிருந்த கமராக்காரரைக் கோபிகா தேத்தண்ணீர் குடிக்க அனுப்பினாள். சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

கடல் நீலமாக இருந்தது. கார் சிவப்பு. திருடனின் மேலுதட்டில் வியர்வை தெரிந்தது. பெண்கள் அழுவதை நிறுத்தியிருந்தார்கள். மாமியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கோபிகா வேகமாக ஓட்டி, கடைக் காட்சியில் விட்டாள்.

கடைப் பலகையின் ஆணிகள் தெரிந்தன. ஈ தெரிந்தது. தராசுக்குப் பின்னால் வெள்ளைப் பெனியன் போட்ட ஒரு மனிதன் நின்றான்.

கழுத்துக்கு மேல் கறுப்பு.

"தலை எங்க?" என்றாள் மாமி.

கோபிகாவுக்கு விளங்கியது. கசெற்றில் படம் திரை முழுக்க இருந்தது. இதில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. படத்தைத் துப்புரவாக்கியவர்கள் அதை அகலத் திரைக்கு வெட்டியிருந்தார்கள். அப்பா மேடையில் ஏறி நின்று நிறுத்திருக்கிறார். வெட்டு அவர் கழுத்தில் விழுந்திருந்தது.

"இந்தத் தலையில்லாத முண்டத்துக்கோ இவ்வளவு பாடு?"

"பொறு, சரோஜினி," என்றார் பத்திநாதர். கதிரையை முன்னுக்கு இழுத்தார். "பிள்ளை, திருப்பிப் போடு."

அவள் திருப்பிப் போட்டாள். இந்த முறை கைகளைப் பார்த்தாள். வலது கை வெங்காயத்தை அள்ளித் தட்டில் போட்டது. சருகு பறப்பதுகூடத் தெளிவாக இருந்தது. இடது கை தட்டின் விளிம்பைத் தாங்கிப் பிடிப்பதுபோல் வந்தது. சின்னி விரல் மட்டும் மெல்லத் தட்டின்மேல் படிந்தது. தட்டு இறங்கியது. முள் நடுவுக்கு வந்தது. விரல் எழும்புமுன் வெங்காயம் திருடனின் பையில் விழுந்துவிட்டது.

கோபிகா நிப்பாட்டினாள். விரல் திரையில் நின்றது.

வாசல் படலையில் அஞ்சலிப் பதாகை கட்டியிருந்தார்கள். 'நிறை தவறாத வணிகர்' என்று அதில் போடச் சொன்னவள் அவள்தான்.

மாமி இன்னும் தலையைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா விளக்குத் திரியைத் தூண்டினாள். பத்திநாதர் திரையைப் பார்த்தார். பிறகு கோபிகாவைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஓம்," என்றார், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கக்கூடியதாக. "இது ஆழ்வார்தான். சாக்கில்லை."

"முகமில்லாமல் எப்பிடிச் சொல்லுறியள்?" மாமி விடவில்லை.

"நான் அவனிட்ட முப்பது வருசம் சாமான் வாங்கினனான். அந்தக் கையை எனக்குத் தெரியாதே?" அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. "அவனுக்கெங்க நடிக்கத் தெரியும்? கடையில செய்தமாதிரியே செய்திருக்கிறான்."

வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "கேட்டியே? உண்மைதானாம்."

சாக்கு என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதர், நிறை குறைந்ததைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கோபிகா படத்தை நிறுத்தினாள். இறுவட்டை எடுத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலுமாரிக்குள் வைத்தாள்.

"நல்ல கொப்பிதான்," என்றார் பத்திநாதர்.

"ஓம், மாமா. நல்ல துப்புரவு."

குருக்கள் வந்தார். கமராக்காரரும் திரும்பி வந்தார். கிரியை முடிந்து, வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா போட்டாள். மாமி போட்டாள். கோபிகா போட்டாள். கிறிஸ்தவரான பத்திநாதர் சுவரோரம் நின்றார்.

"வேதக்காரர் இது போடுறேல்லை," என்று மாமி மெதுவாகச் சொன்னாள்.

கோபிகா அரிசித் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் கை நிறைய அள்ளினார். நண்பனின் வாயருகே குனிந்து, சிந்தாமல் போட்டார். இரண்டு அடி போனார். திரும்பி வந்து, நிறை போதாததுபோல், தட்டிலிருந்து இன்னும் ஒரு நுள்ளு அரிசி எடுத்துப் போட்டார்.