மங்குத் தட்டுக்கு ஒரு சீட்டு

அகராதி அலுவலகம் ஒன்பது வருஷமாக ‘ம’வைத் தாண்டவில்லை. ஆராய்ச்சியின் ஆழம் என்றது ஆண்டறிக்கை. மதியத் தூக்கம் என்றாள் கூட்டிப் பெருக்கும் அக்கா. தலைமைப் பதிப்பாசிரியருக்கு முதுகுக்குப் பின்னால் ‘பேரகராதி’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘ஐயா’.

சொல்லுக்கு ஒன்றாகச் சீட்டெழுதும் அம்மாள் அன்று ‘மங்கு’ சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலாயில் கிண்ணத்துக்கு மங்குக் என்று பெயர். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் தகரப் பெட்டியோடு அந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள்; வழியில் வால் அறுந்து மங்கு ஆயிற்று. முதலில் பீங்கான் கிண்ணம், பிறகு எனாமல் தட்டு, கடைசியில் எனாமல் பூசியதெல்லாமே மங்கு. இத்தனையும் எழுதியிருந்தாள். ஐயா ஓரத்தில் சிவப்புச் சிலுவை ஒன்றைப் போட்டுத் திருப்பியிருந்தார். சிலுவை போட்டால் சொல் செத்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கம் மூன்று மணிக்கு அச்சுக்குப் போகிறது.

அவள் அப்பா கப்பல் சமையற்காரர். வீட்டுக்கு வந்தால் நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் தட்டில்தான் சாப்பாடு. “பாப்பா, என் மங்குத் தட்டை எடுத்துட்டு வா” என்றால் விழுந்தடித்து ஓடுவாள். எனாமல் உதிர்ந்த கறுப்புப் பொட்டில், கழுவும்போது விரல் தானாகப் போய் நிற்கும். அப்பாவைக் காலன் கொண்டுபோனான், சரி. அவர் சொல்லைப் பேரகராதி கொண்டுபோவதா?

“ஐயா, இது இன்னும் பேச்சுல இருக்குங்க.”

“யாரும்மா பேசுறா? உயிரோட இருக்கிறவர் பேசணும். கேட்டவங்க ரெண்டு பேர் நாள், நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கணும். விதியை எழுதினவனே நான்தான்!”

ஒரு மணி தாண்டியதும் அவர் அறையிலிருந்து அலறல் கேட்டது. “அக்கா! என் மங்கு எங்க?”

“பசைச் சட்டிக்கு மூடி இல்லைங்க. அதான் எடுத்தேன்.”

“பசைக்கா? எங்கம்மா சோறு போட்ட மங்கு அது!”

சீட்டெழுதும் அம்மாள் புதுச் சீட்டு ஒன்றை உருவினாள். பேசியவர்: தலைமைப் பதிப்பாசிரியர். நேரம்: ஒன்று ஐந்து. தான் கையெழுத்துப் போட்டு, அக்காவிடமும் வாங்கி, அவர் மேஜையில் வைத்தாள்.

“வாய்தவறி வந்துடுச்சும்மா.”

“ரெண்டு தடவையா?” என்றாள் அக்கா, தட்டைக் கழுவி நீட்டியபடி.

ஐயா தட்டை வாங்கித் துண்டால் துடைத்தார். விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடத்தில் அவர் கட்டைவிரல் போய் நின்றது. பிறகு பேனாவை எடுத்தார். ஒன்று ஐந்தை ஒன்று ஏழாகத் திருத்தினார். திருத்தாவிட்டால் பதவிக்கு என்ன மரியாதை? பழைய சீட்டின் சிலுவையை அடித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சீட்டெழுதும் அம்மாளைப் பார்த்தார்.

“ஏம்மா, நீல விளிம்பைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே? அது இல்லாம என்ன மங்கு?”