தற்காலிகமாக இருபது

ஜெசிந்தா எழுதிய மென்பொருளைப் பற்றிய புகார்கள், இன்னும் பிறக்காத வருஷங்களிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. 2071இல் இணையம் இல்லை என்பதால் அந்த வருஷத்துக்காரர்கள் நேரிலேயே வந்துவிடுவார்கள். தூத்துக்குடியில் அவள் வீட்டு மாடிப்படியில் தினமும் காலை பத்து மணிக்கு டோக்கன் கொடுக்கப்படும்.

மென்பொருள் ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு நாடு கரிப்புகையைக் குறைக்கச் சட்டம் போட்டால், எந்த வருஷம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், குறை சொல்லலாம். குறை சொல்ல நம் ஜனங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

எல்லாப் புகாரும் ஒரே வரியைப் பற்றித்தான். சட்டம் போட்ட பிறகு புகை குறையத் தொடங்க எத்தனை வருஷம் ஆகும்? எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் போட எண் எதுவும் கிடைக்கவில்லை. தொட்டிலில் பிள்ளை வேறு வீல் வீலென்று கத்தியது. ஜெசிந்தா ஒப்புக்கு இருபது என்று போட்டு, பக்கத்தில் ‘தற்காலிகம், நாளைக்கு மாற்றணும்’ என்று குறித்துவிட்டு எழுந்து போனாள். பாவி மகள், மாற்றவே இல்லை. முப்பத்தாறு நாடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. புகைபோக்கிகளும் அந்த வரியைப் படித்துவிட்டு, இன்னும் இருபது வருஷம் கிடக்கிறதே என்று நிம்மதியாகப் புகைந்தன.

அன்றைக்கு ஏழாம் டோக்கன், 2071இலிருந்து வந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. காத்திருந்த நேரத்தில் டோக்கனைக் கப்பலாக மடித்து, ஒரு முனையைக் கடித்து வைத்திருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் ஜெசிந்தாவின் மகள் ஆக்னஸ், கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் அப்படித்தான் செய்வாள். அந்நேரம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஜெசிந்தா அந்தக் கடித்த முனையைப் பார்த்தாள். “சாப்ட்டியா?” என்றாள்.

“ஆச்சும்மா. அந்த இருபத மாத்துங்க. நம்ம வீட்டுல தண்ணி மாடிக்கு ஏறிட்டு.”

ஜெசிந்தா அப்போதே உட்கார்ந்து இருபதை அழித்து இரண்டு என்று போட்டாள். ஆனால் மாற்றியவரே ஒப்புதலும் கொடுக்க முடியாது, இன்னொரு பொறுப்பாளர் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் கோவில்பட்டி சங்கிலிப்பாண்டி. அவனுக்குப் போன் போட்டாள்.

“நீங்க சொல்றது சரிதாங்க்கா. ஆனா முப்பத்தாறு நாடும் இருபத வச்சுல்லா திட்டம் போட்டிருக்கு? மாத்துனா பழைய கணக்கு ஒண்ணுகூட ஒத்து வராது. அடுத்த பதிப்புல பாத்துக்கிடுவோம்.”

விதிப்படி அவன் பேச்சில் தப்பில்லை. அந்த விதியை எழுதியதே ஜெசிந்தாதான். சண்டை போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். அவளோ இரண்டை அழித்துவிட்டு மறுபடி இருபது போட்டாள். புகாரின் கீழே ‘அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

“என்னய மன்னிச்சிரு, பிள்ள.”

“தண்ணி ஏறுன அன்னைக்கும் இதேதான் சொன்னீங்கம்மா” என்று சிரித்தாள் வந்தவள். காகிதக் கப்பலை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எட்டாம் டோக்கன் கடல். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தது.

“எனக்குப் புகாருன்னு ஒண்ணும் இல்லம்மா. பிள்ளையோட ரூம் எதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஜெசிந்தா கையைக் காட்டினாள். பிறகு எழுந்து போய், தரையில் கிடந்த ஆக்னஸின் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பரணில் வைத்தாள்.