மலைமேல் கேட்காத சத்தம்

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லும் எதையும் எங்கள் வீட்டில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்போம். பிரேக் போன லாரியை மலையிலிருந்து இறக்கிய கதையைக் கல்யாணமான புதிதில் சொன்னபோது அது பத்து வளைவு. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது இருபத்திரண்டு வளைவாகியிருந்தது. "இன்னும் ஒண்ணு பெத்தா மலை மேகத்தைத் தொட்டுடும் மாமா" என்று கிண்டல் செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். வாய்தான் நீளமே தவிர, ஸ்டியரிங் பிடித்துவிட்டால் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

கால்நடை மருத்துவமனையில் அவர் டிரைவர். டாக்டரம்மாவை மலைமேல் இருக்கும் ஆட்டுப் பட்டிகளுக்குக் கூட்டிப் போவது அவர் வேலை. சாலை இல்லாத இடத்திலும் ஏறுகிற ஃபோர் வீல் வண்டி. தடுப்பூசி மருந்து கெடாமல் இருக்க அதன் பின்பக்கம் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற நான்தான் அதற்காக இரண்டாவது பேட்டரி பொருத்திக் கொடுத்தேன். எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஒன்று, ஃப்ரிட்ஜை ஓட்டப் பின்பக்கம் ஒன்று, நடுவில் ஒரு ரிலே. எஞ்சின் ஓடும்போது ரிலே இரண்டையும் சேர்த்துவிடும். இரண்டிலும் சார்ஜ் ஏறும். எஞ்சினை அணைத்ததும் 'டக்' என்று பிரித்துவிடும். அப்புறம் ஃப்ரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் முன் பேட்டரிக்குச் சேதமில்லை.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் மலைமேல் வண்டி கிளம்பவில்லை. இரண்டு பேட்டரியும் செத்திருந்தன. சரிவில் தள்ளிக் கிளப்பிக் கீழே கொண்டுவந்தார்கள். நான் எல்லாவற்றையும் சோதித்தேன். கிளப்பினால் சேர்ந்தது, அணைத்தால் 'டக்' என்று பிரிந்தது. பேட்டரியில்தான் கோளாறு என்று ஜோடியாக மாற்றினேன். ஆறு வாரத்தில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் ஜோடியாக மாற்றினேன்.

மூன்றாவது தடவை ஃப்ரிட்ஜும் அணைந்து மருந்து முழுக்கக் கெட்டுப்போனது. புது மருந்து வந்து சேர்வதற்குள் மேலே ஒரு பட்டியில் பதினேழு ஆடுகள் செத்துவிட்டன. டாக்டரம்மா கடைக்கு வந்தபோது அவர் செருப்பில் இன்னும் மலைச்சேறு இருந்தது.

"பேட்டரியும் புதுசு, ஒயரும் புதுசு. அப்புறம் எப்படிங்க இது திரும்பத் திரும்ப ஆகுது?"

மாமா வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மலைமேல் ராத்திரி ஆகிவிட்டால் டாக்டரம்மா பட்டிக்காரர் குடிசையில் தங்குவார். மாமா வண்டியிலேயே படுப்பார். படுத்தால் அவருக்குப் பாட்டு வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். டிங்கர் கடைக்காரரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வேலையைப் பற்றி நான்கு பேர் முன்னால் கேள்வி வந்துவிட்டதே என்ற சூட்டில் நான் சொன்னேன்:

"வண்டில ஒரு கோளாறும் இல்லைங்க டாக்டர். ஆள் சும்மா இருந்தா பேட்டரியும் சும்மா இருக்கும்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"மாப்ள, நான் எதையும் தொடலடா. பாட்டுக்கு என் செல்போன்தான். நான் ஒண்ணு சொல்லவா? எஞ்சினை அணைச்சா 'டக்'குன்னு கேக்கும்ல? மேல ஏறி நிறுத்தினா அந்தச் சத்தம் வரமாட்டேங்குது."

"இங்க வருதே மாமா. மலைமேல மட்டும் உங்களுக்குக் காது அடைச்சுக்குதா?"

டிங்கர் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "சரி மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு மாதம் பார்த்தார், பிறகு தானே நின்றுகொண்டார். ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கப் போனார். அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கோபம் ஆறினால் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். என் மனதில் குற்றம் அவர்மேல்தான் இருந்தது.

வேறு டிரைவர் கிடைக்காததால் டாக்டரம்மாவே வண்டியை ஓட்டினார். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கடை வாசலில் வந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"மறுபடியும் ரெண்டும் போச்சு. சாவியை என் பைல போட்டு வச்சிருந்தேன். லைட் போடல, பாட்டு போடல. இந்தத் தடவை வண்டில நான் மட்டும்தான் இருந்தேன்."

"வாங்க, மேலயே போய்ப் பார்த்துடலாம்" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறினோம். முதல் பட்டியருகே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆடுகளின் சத்தம் கேட்டது. எஞ்சின் சூடு ஆறும் சின்னச் சின்னச் சடசடப்பு கேட்டது. 'டக்' மட்டும் வரவில்லை.

பானெட்டைத் திறந்து ரிலேவைத் தொட்டேன். விரலைச் சுட்டுவிட்டது. புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி அதை முடுக்கியிருந்தேன். கேபிள் கொஞ்சம் குட்டையாக இருந்ததால் அந்த இடம் தோதாகப் பட்டது. ஏற்றத்தின் சூட்டில் உள்ளே இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு, பேட்டரி இரண்டையும் பிரிக்காமல் விட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்துக் குடித்திருக்கிறது. இறங்கி வரும் வழியில் சூடு தணிந்து, குலுக்கலில் தானாக விட்டுக்கொள்ளும். என் கடைக்கு வரும்போது நல்ல பிள்ளையாக 'டக்' என்னும்.

துணியால் துடைத்து அதன் மேலிருந்த எண்ணைப் படித்தேன். நாற்பது ஆம்பியர். இந்த வேலைக்குக் குறைந்தது நூறு வேண்டும். வண்டியை மறுநாளே தரவேண்டியிருந்தது. பெரியது கையில் இல்லை. அலமாரியில் கிடந்ததைப் போட்டேன், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்த 'அப்புறம்' என் நினைவிலிருந்தே போய்விட்டது.

"தப்பு என்னோடதுங்க டாக்டர்" என்றேன்.

அவர் பட்டியைப் பார்த்தபடியே கேட்டார்: "அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சீருடைச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சிறிய ரிலேவைப் போட்டது உட்பட. திட்டுவார், குறைந்தபட்சம் 'நான் அன்னிக்கே சொன்னேன்ல' என்றாவது குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அவர் என் சுட்ட விரலைப் பார்த்தார். "அப்ப நான் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாப்ள. நீ தொழில் தெரிஞ்சவன். நீயே சொல்றேன்னா, தூக்கத்துல கீக்கத்துல நாமதான் எதையாவது தட்டி விட்டோமோன்னு நெனச்சேன். பதினேழு ஆடு செத்துச்சேடா."

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். "இப்ப வந்து சொல்றியே, இந்த மனுஷன் வேலைக்குக் கெளம்பினா தெருமுனை வரைக்கும் போயிட்டு ரெண்டு தடவை திரும்பி வர்றாரு, தெரியுமா? அடுப்பை அணைச்சோமா, ஃபேனை நிறுத்தினோமான்னு. ஒரு கதை பேசி எத்தனை நாளாச்சுன்னு கேளு."

"விடு, அவன் என்ன வேணும்னா பண்ணான்?" என்றார் மாமா. அவர் எனக்காகப் பேசியது அக்கா திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

டாக்டரம்மா நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொல்லி அழைத்தார். மாமா ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள், "மலைல வண்டி ஓட்டறவனுக்கு மொதல்ல தன்மேல நம்பிக்கை வேணும்மா. எனக்கு இப்ப அது இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன். டிங்கர் கடைக்காரர் உட்பட அன்று சிரித்த அத்தனை பேரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாமா இன்னும் சீட்டுத்தான் கிழிக்கிறார்.

வண்டிக்குப் பெரிய ரிலே போட்டு, சூடு படாத இடத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு வருஷமாகிறது, ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

அக்கா இப்போது என்னோடு பேசுகிறாள். போனால் சாப்பிடாமல் விடுவதில்லை. முன்பெல்லாம் அந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவாள். போன மாதம் போயிருந்தபோது கூடத்தில் சுவிட்ச் பெட்டி புதிதாக மாறியிருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். அடுத்த தெருவில் ஒரு ஆள் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டேன் என்றாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. பெட்டி ஒரு பக்கம் கோணலாக இருந்தது. நான் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தேன்.